"மகனை ஆட விடமாட்டோம்... ஆனா மேட்ச் பார்ப்போம்!" - அமெரிக்கன் ஃபுட்பால் மவுசு நீடிக்குமா?

2025 பிப்ரவரி 9-ம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரில் சூப்பர் பவுல் இறுதிப்போட்டி நடந்தது. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி 40-22 என்ற கணக்கில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியைத் தோற்கடித்தது. இடைவேளையின்போதே 24-0. யார் ஜெயிப்பார்கள் என்பது பாதி ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

அப்படியும் யாரும் சேனலை மாற்றவில்லை. அமெரிக்காவில் சராசரியாக 12.77 கோடி பேர் அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள். அதுவரை எந்த சூப்பர் பவுலுக்கும் கிடைக்காத எண்ணிக்கை இது. சுமார் 34 கோடி பேர் வாழும் நாட்டில் மூன்றில் ஒருவருக்கும் மேல்!

ஆனால் இதே நாட்டில்தான் பல பெற்றோர், "என் பையன் வேற எந்த விளையாட்டு வேணும்னாலும் ஆடட்டும், இது மட்டும் வேண்டாம்" என்கிறார்கள். மூளை பாதிப்பு பயம், அரசியல் சர்ச்சை, ஓடிடி செலவு, சூதாட்டம் என்று இந்த விளையாட்டைச் சுற்றிப் பல கேள்விகள். இவ்வளவுக்கும் நடுவில் இந்த மவுசு தாங்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல, இது என்ன விளையாட்டு?

பெயரில்தான் ஃபுட்பால். பெரும்பாலும் கையால் எறிந்தும், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுசெல்ல வேண்டும். தடுப்பவர்கள் ஓடிவந்து மோதிக் கீழே சாய்ப்பார்கள். ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் அதற்காகத்தான்.

ஆட்ட நேரம் 60 நிமிடம். ஒளிபரப்பு மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். இதில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான் என்று 2010-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் கணக்கிட்டது. மீதி நேரம் ரீப்ளே, வியூகப் பேச்சு, விளம்பரம். டிவிக்காகவே அளவெடுத்துத் தைத்ததுபோன்ற விளையாட்டு இது. அதன் பலமும் அதுதான்.

மவுசு எவ்வளவு பெரியது?

தொழில்முறை லீக்கின் பெயர் என்எஃப்எல். மொத்தம் 32 அணிகள். 2023-ம் ஆண்டில் அமெரிக்க டிவியில் அதிகம் பேர் பார்த்த 100 நிகழ்ச்சிகளின் பட்டியலில் 93 இடங்களைப் பிடித்தவை என்எஃப்எல் ஆட்டங்கள். சினிமா விருது விழாக்கள், செய்தி, சீரியல் எல்லாம் சேர்ந்து மிச்சமிருந்த சில இடங்களுக்குத்தான் போட்டி போட்டன.

பணமும் அதே அளவுக்குக் கொட்டுகிறது. 2021-ல் கையெழுத்தான 11 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மதிப்பு சுமார் 11,000 கோடி டாலர். நம்ம ஊர் கணக்கில் 9 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2022-ல் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனபோது, ஓர் ஆட்டத்துக்கான மதிப்பில் ஐபிஎல் உலகின் இரண்டாவது லீக் ஆகிவிட்டது என்று பேசப்பட்டது நினைவிருக்கலாம். முதலிடத்தில் இருந்தது இந்த என்எஃப்எல்தான்.

2025 சூப்பர் பவுலில் 30 விநாடி விளம்பரத்துக்கு 80 லட்சம் டாலர் வரை விலை போனது.

ஒரு சின்ன எச்சரிக்கை. அந்த 12.77 கோடி எண்ணிக்கையை அப்படியே பழைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாது. பார்வையாளர்களைக் கணக்கிடும் நீல்சன் நிறுவனம், பார், ஓட்டல் போன்ற வெளியிடங்களில் பார்ப்பவர்களையும் எண்ணும் முறையை 2025 தொடக்கத்தில்தான் கிட்டத்தட்ட நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. வளர்ச்சியில் ஒரு பங்கு, எண்ணும் முறை மாறியதால் வந்தது.

முதலிடத்துக்கு எப்படி வந்தது?

அமெரிக்காவின் தேசிய விளையாட்டு என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது பேஸ்பால். குத்துச்சண்டை, குதிரைப் பந்தயம் இரண்டுக்கும் பெரும் கூட்டம் இருந்தது. ஃபுட்பால் கல்லூரி மாணவர்களின் விளையாட்டாகத்தான் தொடங்கியது.

1958 இறுதிப்போட்டியில் பால்டிமோர் கோல்ட்ஸ், நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணிகள் மோதின. கூடுதல் நேரம் வரை இழுத்த அந்த ஆட்டத்தை நாடே டிவியில் பார்த்தது. 1961-ல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், எல்லா அணிகளின் டிவி உரிமையையும் லீக் மொத்தமாக விற்க வழி செய்தது. தேசிய டிவி வருமானத்தை எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொண்டன. சின்ன ஊரான கிரீன் பே அணியும், பெருநகரமான நியூயார்க் அணியும் ஒரே பங்கு வாங்கின. அதனால் பணக்கார அணி மட்டுமே ஜெயிக்கும் நிலை உருவாகவில்லை.

1972-ல் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் ஃபுட்பால் முதன்முறையாக பேஸ்பாலை முந்தியது. அதன்பிறகு அந்த இடம் கைமாறவே இல்லை. 2023 இறுதியில் எடுத்த கணிப்பில், பார்ப்பதற்குப் பிடித்த விளையாட்டு ஃபுட்பால் என்றவர்கள் 41 சதவீதம். பேஸ்பால் 10, கூடைப்பந்து 9 சதவீதம். ஆனால் இடையில் சறுக்கலும் உண்டு: 2006-ல் 43 சதவீதமாக இருந்தது, 2017-ல் 37 ஆக இறங்கி, பிறகு மீண்டும் ஏறியது.

2017-ல் ஏன் சறுக்கியது?

2016-ல் சான் பிரான்சிஸ்கோ அணியின் குவாட்டர்பேக் காலின் கேப்பர்னிக், கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். அடுத்த ஆண்டு அதிபர் டிரம்ப் இதைக் கடுமையாகத் தாக்கிப் பேச, விவகாரம் பற்றிக்கொண்டது. ஒரு தரப்பு "கொடியை அவமதிக்கிறார்கள்" என்று டிவியை அணைத்தது. இன்னொரு தரப்பு "கேப்பர்னிக்குக்கு எந்த அணியும் வாய்ப்பு தரவில்லை" என்று லீக் மீது கோபப்பட்டது.

2016-ல் சராசரி பார்வையாளர்கள் சுமார் 8 சதவீதமும், 2017-ல் மேலும் சுமார் 10 சதவீதமும் குறைந்தார்கள். "கதை முடிஞ்சுது" என்றார்கள் பலர். ஆனால் 2018-லேயே எண்ணிக்கை திரும்ப ஏறத் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டுகளில் கேபிள் இணைப்பைத் துண்டிப்பவர்கள் அதிகரித்ததால், மற்ற டிவி நிகழ்ச்சிகள் இதைவிட மோசமாகச் சரிந்துகொண்டிருந்தன. அரசியல் கோபம் வந்த வேகத்திலேயே தணிந்தது என்பதுதான் அதில் கிடைத்த பாடம்.

தணியாத கேள்வி: மூளை

அரசியல்போல இது ஆறிப்போகும் விஷயம் இல்லை.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் புகழ்பெற்ற வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-ல் தன் 50-வது வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் நினைவு தடுமாறி, குடும்பத்தைப் பிரிந்து, வண்டியிலேயே படுத்துத் தூங்கும் நிலைக்கு வந்திருந்தார். அவரது மூளையை ஆய்வு செய்தவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. அவர் கண்டறிந்தது சிடிஇ எனப்படும் மூளைச் சிதைவு நோய். தலையில் திரும்பத் திரும்ப அடி விழுவதால் மூளையில் டௌ என்ற புரதம் தாறுமாறாகச் சேர்ந்து, நினைவு, மனநிலை, சிந்தனை எல்லாவற்றையும் குலைக்கும். ஒரு பெரிய அடிதான் என்றில்லை. வலிக்காத சின்னச் சின்ன மோதல்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து இதைக் கொண்டுவரலாம். இன்னொரு சிக்கல், இறந்தபின் மூளையைப் பரிசோதித்துத்தான் இந்த நோயை உறுதி செய்ய முடியும்.

2005-ல் ஒமாலு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டபோது, லீக் தரப்பு மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஃபுட்பாலுக்கும் சிடிஇ நோய்க்கும் தொடர்பு உண்டு என்று லீக்கின் உயரதிகாரி ஒருவர் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டது 2016-ல்தான்.

2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு பெரும் அதிர்ச்சியைக் கொடுத்தது. முன்னாள் என்எஃப்எல் வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110-ல் சிடிஇ இருந்தது. இதை வைத்து "100-க்கு 99 வீரர்களுக்கு நோய் வரும்" என்று சொல்லிவிட முடியாது. பாதிப்பு இருப்பதாகச் சந்தேகப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்திருந்தன. ஆனால் பயம் நியாயமானது என்பதை மறுக்கவும் முடியாது. முன்னாள் வீரர்கள் தொடர்ந்த வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின்படி லீக் வழங்கும் இழப்பீடு 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

பார்ப்பது வேறு, ஆடுவது வேறு

இங்கதான் விஷயமே இருக்கு. இவ்வளவு தெரிந்தபிறகும் பார்வையாளர்கள் விலகவில்லை. விலகத் தொடங்கியது ஆடுபவர்கள்.

உயர்நிலைப் பள்ளிகளில் ஃபுட்பால் ஆடும் மாணவர்கள் 2008-09 கல்வியாண்டில் 11 லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். அதுதான் உச்சம். 2021-22-ல் அது 10 லட்சத்துக்கும் கீழே போனது. பிறகு கொஞ்சம் மீண்டாலும் பழைய உச்சத்தைத் தொடவில்லை. எனக்கு மகன் இருந்தால் ஆட விடுவதற்கு முன் நிறைய யோசிப்பேன் என்ற பொருளில் 2013-ல் அதிபர் ஒபாமாவே பேசினார். கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ், தன் மகன்களுக்கு ஃபுட்பால் கிடையாது என்றார். 2015-ல் 24 வயதான கிறிஸ் போர்லண்ட் ஒரே சீசன் ஆடிவிட்டு, மூளைதான் முக்கியம் என்று கோடிகளை விட்டுவிட்டு விலகினார்.

அப்படியானால் யார் ஆடப்போகிறார்கள்? வசதியும் வேறு வாய்ப்பும் உள்ள குடும்பங்கள் பிள்ளைகளை டென்னிஸ், கூடைப்பந்து பக்கம் அனுப்பிவிட, ஃபுட்பாலையே முன்னேறும் ஒரே வழியாகப் பார்க்கும் குடும்பங்களின் பிள்ளைகள்தான் மிஞ்சுவார்கள் என்பது விமர்சகர்களின் கவலை. என்எஃப்எல் வீரர்களில் ஏற்கெனவே பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர்.

இழப்பீட்டு விவகாரத்திலும் இது வெடித்தது. கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் இயல்பிலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு மதிப்பிடும் ஒரு மருத்துவ அளவுகோல் அங்கே பயன்பட்டது. விளைவு, அதே பாதிப்பு இருந்தும் அவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது கடினமானது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2021-ல்தான் அதைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது. யார் வலியில் யார் ரசிக்கிறார்கள் என்ற கேள்வி இனி எளிதில் அடங்காது.

ரசிகர்களின் பர்ஸ் தாங்குமா?

இன்னொரு பக்கம் ஓடிடி. வியாழக்கிழமை ஆட்டங்கள் 2022 முதல் அமேசானில். வெளியூர் அணிகளின் ஞாயிறு ஆட்டங்கள் 2023 முதல் யூடியூப் கட்டணத் திட்டத்தில். 2024 கிறிஸ்துமஸ் ஆட்டங்கள் நெட்ஃபிளிக்ஸில். இதுபோக வழக்கமான சேனல்கள் வேறு. உள்ளூர் அணியின் ஆட்டம் இன்னமும் இலவச டிவியில் வருகிறது என்பது ஆறுதல். ஆனால் எல்லா ஆட்டமும் பார்க்க வேண்டும் என்றால் பல சந்தாக்கள் கட்ட வேண்டும்.

2024 ஜனவரியில் ஒரு பிளேஆஃப் ஆட்டம் பீகாக் ஓடிடியில் மட்டும் வந்தபோது ரசிகர்கள் கொந்தளித்தார்கள். திட்டிக்கொண்டே சுமார் 2.3 கோடி பேர் பார்க்கவும் செய்தார்கள்!

சூதாட்டம் அடுத்த கத்தி. 2018-ல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியபின், 35-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வம். பந்தயம் கட்டியவர் ஒருதலைப்பட்சமான ஆட்டத்தையும் கடைசி வரை பார்ப்பார் என்பது லீக்குக்கு லாபம். ஆனால் விதியை மீறிப் பந்தயம் கட்டியதற்காக வீரர்களே இடைநீக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். "மேட்ச் உண்மையானதுதானா?" என்ற சந்தேகம் ரசிகர் மனதில் ஒருமுறை விழுந்தால் எடுப்பது கடினம்.

லீக் என்ன செய்கிறது?

ஆபத்து வந்தபோது விதியை மாற்றிப் பிழைத்த வரலாறு இந்த விளையாட்டுக்கு உண்டு. 1905-ல் களத்தில் பல இளைஞர்கள் உயிரிழந்தபோது, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரி நிர்வாகிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது. கும்பலாக மோதும் ஆட்டம் குறைந்தது. இன்று ரசிகர்களைக் கட்டிப்போடும் நீண்ட பாஸ், உயிர்ப்பலியைக் குறைக்கக் கொண்டுவந்த திருத்தம்தான்.

இப்போதும் அதே வழி. 2024-ல் ஆட்டத்தைத் தொடங்கும் கிக்ஆஃப் முறை மாற்றப்பட்டது. முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவதைக் குறைப்பதே நோக்கம். ஹெல்மெட் மேல் மெத்தைபோன்ற கூடுதல் உறை அணியவும் அனுமதி கிடைத்தது. அதேசமயம் 2021-ல் ஓர் அணிக்கு 16 ஆட்டம் என்பது 17 ஆனது. 18 ஆக்கும் பேச்சும் ஓடுகிறது. பாதுகாப்பு என்று ஒரு கை சொல்ல, இன்னொரு கை ஆட்டத்தைக் கூட்டுகிறது.

பெரிய நம்பிக்கை, ஃபிளாக் ஃபுட்பால். இதில் மோதல் கிடையாது. இடுப்பில் செருகிய துணிப்பட்டையை உருவினால் போதும். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்தில்தான், கிரிக்கெட்டோடு சேர்த்து இதற்கும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது. பெண்களும் ஆடலாம், பெற்றோரும் பயப்பட வேண்டாம். கூடவே லண்டன், மியூனிக், சாவ் பாவ்லோ, மாட்ரிட் என்று வெளிநாடுகளிலும் லீக் கடை விரிக்கிறது.

அப்போ, மவுசு நீடிக்குமா?

அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆட்டம் காண வாய்ப்பு குறைவு. வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்பதால் ஒவ்வொன்றும் திருவிழா. எல்லோரும் தனித்தனியாக மொபைலைப் பார்க்கும் காலத்தில், நாடே ஒரே நேரத்தில் பார்ப்பது இது ஒன்றுதான். அதனால்தான் ஓடிடி நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. 2029-க்குப் பிறகு இப்போதைய ஒப்பந்தங்களிலிருந்து விலகி அதிக விலை கேட்கும் உரிமையும் லீக்குக்கு இருக்கிறது.

ஆனால் குத்துச்சண்டையும் ஒருகாலத்தில் அசைக்க முடியாததாகத்தான் தெரிந்தது. அதைப் பார்ப்பவர்கள் ஒரே நாளில் காணாமல் போகவில்லை. முதலில் நடுத்தரக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தின. பிறகு பெரிய சண்டைகள் இலவச டிவியிலிருந்து காசு கட்டிப் பார்க்கும் முறைக்குப் போயின. சின்ன வயதில் பார்க்காத தலைமுறை, பெரியவர்களானபின் தேடவில்லை.

ஃபுட்பாலில் அந்த இரண்டு அறிகுறிகளும் லேசாகத் தென்படுகின்றன. எனவே இதன் எதிர்காலத்தை அடுத்த சூப்பர் பவுலின் பார்வையாளர் எண்ணிக்கையில் தேடினால் கிடைக்காது. எத்தனை பள்ளி மைதானங்களில் ஹெல்மெட் மாட்டிய சிறுவர்கள் ஓடுகிறார்கள், எத்தனை வீடுகளில் காசு கட்டாமல் ஆட்டம் பார்க்க முடிகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.