தோல் நகரங்களில் மனநலமும் மது மீட்பும்

திருவள்ளுவர் 93 ஆம் அதிகாரத்தில் கள்ளுண்ணாமையையும், 95 ஆம் அதிகாரத்தில் மருந்தையும் வைத்தார். கள்ளைக் கடிந்த அதே புலவர், இடையில் ஓர் அதிகாரம் மட்டுமே விட்டு, நோய் தீர்க்கும் நெறியையும் கூறுகின்றார். மருந்து அதிகாரத்தின் நிறைவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காண்கின்றார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் என்பன அந்நான்கு. நான்காமவரை 'உழைச்செல்வான்' என்பது அவர் வழக்கு.

வேலூர், ஆம்பூர் வட்டாரத்துத் தோல் தொழில் நகரங்களில் மனநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் உரிய மருத்துவத்தை ஆராய்வார்க்கு ஓர் உண்மை புலப்படும். முதல் மூன்று கூறுகளும் ஓரளவேனும் உள்ளன. நான்காம் கூறே அரிதாக உள்ளது. அது வாய்த்தாலன்றி ஏனைய மூன்றும் ஏழையின் வாயிலை எட்டா என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரங்களும் உழைப்பாளரும்

பாலாற்றுப் பகுதியில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. தோல் பதனிடும் ஆலைகளும், மக்கள் 'ஷூ கம்பெனி' என வழங்கும் காலணித் தொழிற்சாலைகளும் இங்குப் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. காலணித் தொழிற்சாலைகளில் மகளிரே மிகுதி. ஆம்பூர்ப் பகுதியில் காலணியின் மேற்பகுதியை வீட்டிலிருந்தே கையால் தைத்துத் தரும் பெண்களும் பலர். இவர்கள் பெறுவது ஜோடிக் கணக்கில் கூலி. வட மாநிலங்களிலிருந்து வந்து தங்கி உழைக்கும் இளைஞரும் இன்று இவர்களுடன் கலந்துள்ளனர்.

இவர்களுக்கு அண்மையிலேயே பெரும் மருத்துவமனை ஒன்று உள்ளது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் பாகாயத்தில் இயங்கி வருகின்றது. ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஆயினும் நோயாளி ஒருவரும் துணைக்கு ஒருவரும் சென்று வர இருவரின் ஒரு நாள் கூலி போகின்றது. மனநோய் மருத்துவம் ஒரு நாளில் முடிவதன்று. திங்கள்தோறும் செல்ல வேண்டும். எனவே முதல்முறை செல்பவர் மூன்றாம்முறை செல்வதில்லை. 2019 இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தன. மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. பேர்ணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. தொழிலால் ஒன்றான நிலப்பகுதி, மாவட்ட அளவில் நடைபெறும் மனநலத் திட்டத்துக்கு இன்று மூன்றாக உள்ளது.

நோயுற்றவரின் நிலை

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16 இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் இருப்பதைக் காட்டிற்று. கிராமங்களை விடப் பெருநகரங்களில் அத்தொகை மிகுதி. 2019 இல் வெளியான போதைப் பொருள் பயன்பாடு பற்றிய தேசிய ஆய்வறிக்கை மற்றோர் உண்மையை உரைத்தது. மதுவுக்கு அடிமையானோருள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறியுள்ளார்.

மது எளிதில் கிடைப்பதே நோய்க்கு முதற்காரணம் என்பர். அது மெய்யே. ஆயினும், மதுவிலக்கு வேறு, மது மீட்பு வேறு. 1937 இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 இல் மாகாணம் முழுவதும் பரவியது; 1971 இல் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் உள்ளது. சட்டம் எவ்வாறு மாறினும், முன்பே அடிமையானவர்க்கு மருத்துவம் தேவை என்பது மாறவில்லை.

இஸ்லாமியக் குடும்பங்களில் இத்துயர் இரட்டிப்பாகின்றது. மது ஹராம் என்னும் உறுதி, பலரை அப்பழக்கத்தினின்றும் காக்கும் அரணாகும். ஆனால் அரணைத் தாண்டி வீழ்ந்தவர்க்கு அதுவே சுவராகி விடுகின்றது. வீட்டார் மானத்துக்கு அஞ்சி மறைக்கின்றனர். மறைக்கப்பட்ட நோய் முற்றிய பின்னரே வெளிவருகின்றது. பாவத்தை வெறுப்பது தடுப்புக்கு உதவும். நோயாளியை வெறுப்பது மருத்துவத்தைத் தடுக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இப்பொருளில் நாம் கற்க வேண்டிய முதற்பாடம்.

ரமலானில் ஓர் எச்சரிக்கை

ஈண்டு மருத்துவ உண்மை ஒன்றைக் கூறுதல் இன்றியமையாதது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் சிலர்க்கு அறிவு குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தோன்றும். இந்நிலை உயிருக்கே ஊறு விளைவிக்கும். இறையச்சத்தால் ரமலான் பிறை கண்ட இரவே குடியை விட்டொழிக்கும் ஒருவர்க்கு நோன்பின் முதல் வாரத்திலேயே இவை நேரலாம். வீட்டார் அதனை ஜின்னின் வேலை என்று கருதி, மந்திரிப்பவரைத் தேடிச் சென்றால் பொன்னான நேரம் வீணாகும்.

இத்தகையோர் ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரை அணுகுதல் வேண்டும். நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் தையமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் கொடுத்து, சில நாள்களில் பாதுகாப்பாகக் குடியை நிறுத்த மருத்துவத்தால் இயலும். மனநோய்க்கு ஏற்கெனவே மருந்துண்போர், அதனை ஸஹர், இஃப்தார் வேளைகளுக்கு மாற்றலாமா என மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். லித்தியம் உண்போர்க்கு நீரின்றி இருத்தல் தீங்காகலாம் என்பதால் தனிக் கவனம் தேவை.

மருத்துவமும் சட்டமும்

சென்னையில் 1794 இல் தொடங்கிய மனநலக் காப்பகமே தமிழ்நாட்டில் இவ்வகையில் முதலாவது. நெடுங்காலம் மருத்துவம் என்பது மதிலுக்குள் அடைப்பதாகவே இருந்தது. 1982 இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. அதன் கிளையான மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் படிப்படியாக விரிந்தது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். 2018 இல் நடைமுறைக்கு வந்த மனநல மருத்துவச் சட்டம் சங்கிலியிடுதலை முற்றாகத் தடை செய்ததுடன், மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாகவும் ஆக்கியது.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தின் நீட்டித்த நோய்க்கால உதவிப் பட்டியலில் கடும் மனநோயும் இடம் பெற்றுள்ளது. தொழிற்சாலைப் பெண் அதனைக் கோரலாம். ஆனால் வீட்டில் தைப்பவர்க்கு அட்டையும் இல்லை, உதவியும் இல்லை. ஒரே காலணியைத் தைக்கும் இரு கைகளுள் ஒன்றுக்கு மட்டுமே பாதுகாப்பு என்பது எண்ணத்தக்கது.

நான்காம் கூறு

துணை நிற்போரின் ஆற்றலுக்கு நம் மண்ணிலேயே சான்றுகள் உள. பாகாயம் மையத்தில் நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கு கொள்வது நெடுநாள் வழக்கம். சென்னையில் 1980 இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, 1989 இல் மஞ்சக்குடி என்னும் ஊரில் மது மீட்பு முகாமை நடத்தியது. நோயாளியை மருத்துவமனைக்கு அழைப்பதற்கு மாறாக, மருத்துவமே ஊருக்குச் சென்றது. ஊரார் இடமும் உதவியும் தந்தனர். குடியை விட்டவரை நாளும் காண்பவர் அவ்வூராரே ஆதலின், மீட்சிக்குக் காவலும் அவர்களே ஆயினர்.

கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் குடிப்பழக்கமுடையாரிடம் சில அமர்வுகள் உரையாடினர். 2017 இல் வெளியான அவ்வாய்வில், மூன்று மாதத்திற்குப் பின் ஆலோசனை பெற்றோருள் நூற்றுக்கு 36 பேர் நோய்நிலையினின்று நீங்கியிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோருள் 26 பேரே நீங்கினர். பெரும் பட்டம் இன்றியும் பெரும் பயன் விளைவிக்கலாம் என்பதற்கு இது சான்று.

வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியம் மற்றொரு பாடம் தருகின்றது. அங்குச் சமுதாய நல ஊழியர் வீடுதோறும் சென்று வந்ததால், 1994 முதல் 1999 வரை ஆண்டுக்கு இலட்சத்துக்கு ஏறத்தாழ 95 பேர் தற்கொலையால் மாண்டனர் என்னும் கொடிய உண்மை புலனாயிற்று. இது அன்றைய அரசுப் பதிவுகள் காட்டிய நாட்டுச் சராசரியைப் போல் பன்மடங்கு. ஊழியர் நுழையாத தெருக்களின் துயரை யார் எண்ணுவார்?

நாம் செய்யத்தக்கன

முதலாவது, ஜமாஅத்துகள் தம் மஹல்லாவில் ஆணும் பெண்ணுமாக இருவரைத் தேர்ந்து பயிற்சி பெறச் செய்யலாம். தமிழும் உருதுவும் அறிந்தவராக அவர்கள் இருத்தல் நலம். நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், மருந்து தீருமுன் நினைவூட்டுவதும், மறைவைக் காப்பதும் அவர்தம் பணி.

இரண்டாவது, ஜும்ஆ உரைகளில் மனநோயும் போதை நோயும் மருத்துவத்துக்கு உரியவை என விளக்கலாம். மது அருந்தியதற்காகப் பன்முறை தண்டனை பெற்ற ஒருவரை மற்றொருவர் சபித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சாபத்தைத் தடுத்த செய்தி புகாரி நூலில் பதிவாகியுள்ளது. கெய்ரோவில் 1284 இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளர்க்குத் தனிப்பகுதி இருந்தது. இம்மரபு நமக்குப் புதியதன்று.

மூன்றாவது, ஆலை உரிமையாளர் மருத்துவத்துக்குச் செல்லும் நாளுக்குக் கூலியைப் பிடிக்காதிருக்கலாம். மீண்டு வந்தவர்க்கு அதே வேலையைத் தரலாம். திங்களுக்கு ஒரு நாள் மருத்துவர் தொழிற்சாலைப் பகுதிக்கே வர இடமளிக்கலாம்.

நான்காவது, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், வீட்டில் தைக்கும் மகளிர் வாழும் தெருக்களை முறையாகச் சந்திக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம் என்பதை அறிவிப்பதே ஒரு நற்பணியாகும்.

இவற்றுள் எதற்கும் பெரும் கட்டடம் தேவையில்லை. அருகில் சென்று அமரும் மனிதரே தேவை. ஓர் ஊரில் எத்தனை மருத்துவமனைகள் உள என்பதை மட்டும் எண்ணி அமையாது, அங்குள்ள நோயாளியின் வாசற்படியில் எத்தனை பேர் ஏறுகின்றனர் என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக.