மேட்டாங்காட்டு நாவலும் புகழின் மூன்று வழிகளும்

ஒரு நாவலாசிரியரின் புகழைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அவருடைய எழுத்து எந்த வழியாக வாசகரை வந்தடைகிறது என்பதே. சேலம், நாமக்கல் சமவெளியும் அதை ஒட்டிய கொங்கு நாடும் இதற்குத் தெளிவான சான்றுகளைத் தருகின்றன.

மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ளன்' 1954இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமாகி, தெலுங்கு, இந்தி முதலிய மொழிகளிலும் படமாக்கப்பட்டதால், நாவலைக் கையில் எடுத்திராதவர்களும் அக்கதையை அறிந்தனர். காவிரிக்கு மேற்கே, காங்கயம் பகுதியைக் களமாகக் கொண்டு எழுதிய ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942), வட்டார நாவலுக்கு, அதாவது ஒரு நிலப்பகுதியின் வாழ்வையும் பேச்சையும் ஆதாரமாகக் கொண்ட நாவல் வகைக்கு, முன்னோடியாகக் கருதப்பட்டும் இலக்கிய வாசகர்களின் சிறு வட்டத்துக்குள்ளேயே பெரிதும் தங்கிவிட்டது. திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகனுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு மூன்றாவது வழியைத் திறந்தது: 2023இல் 'பூக்குழி'யின் ஆங்கில வடிவம் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற, 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கில வடிவம் ஜேசிபி இலக்கியப் பரிசைப் பெற்றது.

அமெரிக்காவிலும் இவ்வாறே நிகழ்ந்திருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தின் சிற்றூர் வாழ்வையே திரும்பத் திரும்ப எழுதிய வில்லியம் ஃபாக்னரின் நாவல்களில் பெரும்பாலானவை 1940களின் நடுவில் அச்சில் கிடைக்காமல் போயிருந்தன. 1946இல் வெளிவந்த ஒரு தொகுப்பு நூல் அவரை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்த பின், 1949ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. ஆயினும் அவரை மீட்ட தொகுப்பு அவர் எழுதிய மொழியிலேயே அமைந்திருந்தது.

பெருமாள்முருகனின் புகழோ வேறொரு மொழியின் வழியாக வருகிறது; கவலை எழும் இடம் இதுவே. அவர் எழுதும் நிலத்தின் சொற்கள் சிலவற்றைப் பார்ப்போம். மேட்டாங்காடு என்பது மழையை நம்பி உழப்படும் மேட்டு நிலம். பண்ணயம் என்பது உழவும் கால்நடையும் இணைந்த குடும்பத் தொழில். பட்டி என்பது ஆடுகளை இரவில் அடைக்கும் வேலியிட்ட இடம். ஆடு மேய்க்கும் பண்ணையாள் சிறுவர்களைப் பற்றிய அவருடைய 'கூளமாதாரி' நாவல் ஆங்கிலத்தில் செல்லும்போது கதையும் துயரமும் உடன் செல்கின்றன; இச்சொற்களோ தமிழிலேயே நின்றுவிடுகின்றன. மொழிபெயர்ப்பினால் மூலநூலுக்கும் புதிய வாசகர் கிடைக்கின்றனர் என்போர் உண்டு. ஆனால் ஆங்கிலவழிக் கல்வி பயின்ற உள்ளூர் இளைஞர் தம் பாட்டனாரின் நிலத்தைப் பற்றிய நாவலை ஆங்கிலத்திலேயே படித்து முடித்துவிடுவாரானால், அந்நிலத்தின் சொற்களை அவர் எங்கும் சந்திக்கப்போவதில்லை.

ஷண்முகசுந்தரத்தின் படைப்புகளை ஆராய்ந்து நூல் எழுதிய பெருமாள்முருகன், கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றையும் தொகுத்துள்ளார். வெளியூர் வாசகருக்கு உதவும் அந்த அகராதி நாமக்கல்லில் பிறந்தவருக்கே தேவைப்படும் நிலை வருமானால், பரிசுப் பட்டியல்கள் காட்டும் எந்தப் புகழும் அவ்விழப்பை ஈடுசெய்யாது.