வீட்டுக்குள் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி!

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது கண்ணமங்கலம். பக்கத்தில் ஆரணி. பட்டுச்சேலைக்குப் பெயர் போன வட்டாரம். இங்கே நெசவு செய்யும் குடும்பங்களில் தமிழர்களோடு சௌராஷ்டிரர்களும் உண்டு. கூலி பேசுவது, பள்ளியில் படிப்பது, மனு எழுதுவது எல்லாம் தமிழில். வாசலைத் தாண்டி உள்ளே போனால் வேறு மொழி. அங்கே தண்ணீருக்குப் பெயர் ‘பானி’.

குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டவர்கள் இவர்களின் முன்னோர். வந்த வழியெல்லாம் மொழியும் மாறியது. தெலுங்கு, கன்னடம், தமிழ்ச் சொற்கள் கலந்தன. இன்று மதுரை, பரமக்குடி, கும்பகோணம், சேலம் என நெசவு ஊர்களில் இந்த மொழி வாழ்கிறது. பின்னணிப் பாடகர் டி.எம்.சௌந்தரராஜனும், ‘காதுகள்’ நாவலுக்காக 1993-ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற எம்.வி.வெங்கட்ராமும் இந்தச் சமூகத்தில் பிறந்தவர்களே!

எண்ணிக்கை இருந்தும்...

அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. 1950-ல் 14 மட்டுமே இருந்தன. பிறகு சிந்தி, கொங்கணி, போடோ, சந்தாளி போன்றவை இடம் பிடித்தன. சௌராஷ்டிர மொழிக்கு இன்னும் இடமில்லை.

ஆள் கணக்குதான் காரணமா? 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 2,47,702 பேர். அட்டவணையில் உள்ள சமஸ்கிருதத்தைச் சொன்னவர்கள் 24,821 பேர்தான்! ஆக, எத்தனை பேர் பேசினால் இடம் கிடைக்கும் என்று ஒரு வரையறையே இல்லை. இன்னொரு விஷயம், கணக்கெடுப்பில் இந்த மொழி தனித்து நிற்பதில்லை. குஜராத்தி என்ற தலைப்பின் கீழ் சேர்த்தே எண்ணப்படுகிறது.

எழுத்து இருக்கிறது, எழுதத்தான் ஆளில்லை

சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து உண்டு. 2008-ல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. அதாவது, செல்போனிலேயே எழுதலாம். ஆனால் வீட்டில் பேசுகிற பலருக்கு அந்த எழுத்தே தெரியாது.

சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு. ஆனால் பாடப்புத்தகமும் ஆசிரியரும் இல்லாத மொழிக்கு வீடுதான் பள்ளிக்கூடம். தறி வருமானம் போதாமல் பிள்ளைகள் வேறு ஊர், வேறு வேலை என்று போகும்போது அந்தப் பள்ளிக்கூடமும் காலியாகிறது.

அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வந்து ‘தாய்மொழி என்ன?’ என்று கேட்பார். வெளியே பேசும் மொழியைச் சொல்லி முடித்துவிடாமல், வீட்டில் பேசும் மொழியின் பெயரைச் சொல்லுங்கள். மறக்காமல், அன்றைக்குப் பேரப்பிள்ளையிடமும் அதே மொழியில் நாலு வார்த்தை பேசுங்கள்!