காலத்திற்கு விலை உண்டா?

காலம் பொன் போன்றது என்று கட்டுரைப் போட்டிதோறும் எழுதுகிறோம். அந்தப் பொன்னை ஒருவர் நம்மிடமிருந்து வீணாக்கிவிட்டால் அதைத் திருப்பித் தர வேண்டியவர் யார், எவ்வளவு தர வேண்டும் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. பேருந்து தாமதமானால் பெருமூச்சு விடுகிறோம்; இரயில் தாமதமானால் இன்னொரு தேநீர் குடிக்கிறோம். விமானப் பயணத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியைச் சட்டம் கேட்டிருக்கிறது. விடையும் ஓரளவு சொல்லியிருக்கிறது. நம் பள்ளிக் குடும்பத்தில் விமானம் ஏறாத வீடு இன்று குறைவு. வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையர், ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் செவிலியராகச் செல்லும் அக்காமார், சபைக் காரியமாக உரோமாபுரிக்குப் புறப்படும் சகோதரியர் என்று பலரை நாம் வழியனுப்பி வைக்கிறோம். ஆகவே இவ்விடையை நாமும் அறிந்திருப்பது நல்லது.

விமானப் போக்குவரத்து தவழ்ந்துகொண்டிருந்த 1929-ஆம் ஆண்டிலேயே, போலந்தின் தலைநகராகிய வார்சாவில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தனர். பயணிக்கோ, பெட்டிக்கோ, சரக்குக்கோ தாமதத்தால் விளையும் நஷ்டத்திற்கு விமான நிறுவனமே பொறுப்பு என்பது அதன் 19-ஆம் பிரிவு. நஷ்டஈட்டின் உச்சவரம்பை அவர்கள் உண்மையான பொன்னிலேயே கணக்கிட்டார்கள். ஒரு பிராங்கு என்றால் 65.5 மில்லிகிராம் தங்கம்; ஆயிரத்தில் தொள்ளாயிரம் பங்கு தூய்மை. காலம் பொன் என்ற பழமொழியை இவ்வளவு நேராக எடுத்துக்கொண்டவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்!

அதன் இடத்திற்கு வந்தது, 1999-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி கனடாவின் மாண்ட்ரியல் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை. இந்தியா இதில் 2009-ஆம் ஆண்டு சேர்ந்தது. பொன் பிராங்கு போய், சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகாகிய சிறப்பு எடுப்புரிமை என்பது வந்தது. உடன்படிக்கையின்படி தாமதத்திற்கான உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், பயணி ஒருவருக்கு 6,303 அலகுகள். 2025-ஆம் ஆண்டு மதிப்பில் அது ஏழு இலட்ச ரூபாய்க்கு மேல்.

தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அது உச்சவரம்பேயன்றி, கையில் கிடைக்கும் பணம் அன்று. நஷ்டம் இவ்வளவு என்று பயணிதான் மெய்ப்பிக்க வேண்டும். ஓட்டலில் தங்கிய பில், வேறு டிக்கெட் வாங்கிய ரசீது ஆகியவற்றைக் காட்ட வேண்டும். தேவையான நடவடிக்கைகளையெல்லாம் எடுத்தோம் என்று நிறுவனம் மெய்ப்பித்துவிட்டால் அதுவும் இல்லை. வியாபாரிக்கு இந்தச் சட்டம் உதவும். அவரிடம் கணக்குப் புத்தகம் இருக்கிறது. பேரனின் திருமுழுக்கிற்கென்று முதன்முறையாக விமானம் ஏற வந்து, இரவு முழுவதும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தே விழித்திருக்கும் பாட்டியம்மாள் எந்த ரசீதைக் காட்டுவார்? அவர் இழந்ததும் காலம்தானே!

பாட்டியம்மாளுக்கும் பதில் சொல்லும் சட்டம் ஐரோப்பாவில் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் இயற்றிய 261-ஆம் எண் சட்டம், 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது. இது நஷ்டத்திற்குக் கணக்குக் கேட்பதில்லை. தூரத்தை மட்டுமே பார்க்கிறது. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. 3,500 கிலோமீட்டர் வரை 400. அதற்கும் அப்பால் 600. ஒன்றியத்திற்குள்ளேயே பறந்தால் தூரம் எவ்வளவானாலும் 400-க்கு மேல் இல்லை. டிக்கெட் 50 யூரோவுக்கு வாங்கியதாக இருந்தாலும் தொகை குறையாது. செல்வந்தரின் ஒரு மணியும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் ஒரு மணியும் இங்கே ஒரே விலை. இச்சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் சட்டத்தின் எழுத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. விமானம் ரத்தானால் பணம் உண்டு. தாமதமானால் உணவும் தங்குமிடமும் மட்டுமே உண்டு. நிறுவனங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. 2005 ஜூலையில் கனடாவின் டொராண்டோவிலிருந்து ஜெர்மனிக்குத் திரும்ப வேண்டிய ஒரு குடும்பத்தின் கதை இது. விமானம் ரத்து என்று அறிவிப்புப் பலகை காட்டியது. பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்து, ஓட்டலில் தங்க வைத்தார்கள். மறுநாள் அதே எண்ணுள்ள விமானத்தில் ஏற்றினார்கள். ஏறத்தாழ 25 மணி நேரம் பிந்தி ஊர் சேர்ந்தவர்களிடம், உங்கள் விமானம் ரத்தாகவில்லை, தாமதம்தான் என்றது நிறுவனம்.

வழக்கு லக்சம்பர்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. 2009 நவம்பர் 19-ல் தீர்ப்பு வந்தது. ரத்தான விமானத்தின் பயணியும் தாமதமான விமானத்தின் பயணியும் இழப்பது ஒன்றே, திரும்பப் பெற முடியாத காலம். ஆகவே மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் இருவருக்கும் ஒரே நஷ்டஈடு என்றனர் நீதிபதிகள். (3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் தாமதம் நான்கு மணிக்குள் அடங்கினால் பாதித் தொகை தரலாம்.) நிறுவனங்கள் மீண்டும் வழக்காடின. 2012-ல் அதே நீதிமன்றம் அதே விடையைத் திருப்பிச் சொன்னது.

மூன்று மணி என்றால் எந்த நொடி வரை? இதற்கும் ஒரு வழக்கு! ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வந்த ஒரு விமானத்தின் சக்கரம் ஓடுபாதையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிற்குமிடம் போய்ச் சேர்ந்தபோது 3 மணி 3 நிமிடம். கதவு அதற்கும் சற்றுப் பின்னரே திறந்தது. சக்கரமா, கதவா? 2014-ல் நீதிமன்றம் கதவு என்றது. மூடிய விமானத்திற்குள் இருக்கும்வரை பயணி தன் வேலையைத் தான் பார்க்க முடியாது; கதவு திறக்கும்போதுதான் அவர் காலம் அவருக்குத் திரும்புகிறது என்பது காரணம்.

நிறுவனங்களுக்கும் நியாயம் உண்டு. அசாதாரணச் சூழ்நிலை காரணமாக, எவ்வளவு முயன்றும் தவிர்க்க முடியாத தாமதத்திற்கு நஷ்டஈடு இல்லை. புயல், மூடுபனி, பாதுகாப்பு அபாயம் போன்றவை இதில் அடங்கும். பறவை மோதியதும் இவ்வகையே என்று 2017-ல் தீர்ப்பாயிற்று. ஆனால், 'இயந்திரக் கோளாறு' என்று சொல்லித் தப்ப முடியாது. பராமரிப்பில் வழக்கமாகத் தலைகாட்டும் கோளாறு நிறுவனத்தின் அன்றாடத் தொழிலைச் சேர்ந்தது என்று 2008-லேயே சொல்லிவிட்டார்கள். சொந்த விமானிகளின் சட்டப்படியான வேலைநிறுத்தமும் சாக்கு ஆகாது என்றது 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

நஷ்டஈடு இல்லாத வேளையிலும் பராமரிப்பு உண்டு என்பதைப் பலர் அறியார். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பாவின் வானமே மூடப்பட்டது. போர்ச்சுகலில் ஒரு வாரம் சிக்கிக்கொண்ட ஒரு பெண்மணி உணவுக்கும் தங்குமிடத்திற்கும் செலவான பணத்தைக் கேட்டார். எரிமலைக்கு நாங்களா பொறுப்பு என்றது நிறுவனம். பொறுப்பில்லைதான், ஆனாலும் பயணியைப் பட்டினி போடக் கூடாது என்று 2013-ல் தீர்ப்பு வந்தது. தூரத்திற்கேற்ப இரண்டு, மூன்று அல்லது நான்கு மணி நேரத் தாமதம் கடந்தால் உணவும், இரவானால் ஓட்டலும் தர வேண்டும். தொலைபேசியிலோ, டெலக்ஸிலோ, தொலைநகலிலோ, மின்னஞ்சலிலோ இரு செய்திகள் அனுப்பவும் வசதி தர வேண்டும். 2004-ல் எழுதிய சட்டத்தில் டெலக்ஸ் எப்படி நுழைந்ததோ!

நம்மவருக்கு இது பொருந்துமா? ஒன்றியத்திலுள்ள விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நாட்டு விமானத்திற்கும் பொருந்தும். வெளியிலிருந்து ஒன்றியத்திற்குச் செல்லும்போது ஒன்றியத்து நிறுவனத்தின் விமானமானால் மட்டுமே பொருந்தும். ஒரு சகோதரி சென்னையிலிருந்து துபாய் வழியாக வளைகுடா நிறுவனமொன்றில் உரோமாபுரி போகிறார் என்றால், போகும்போது இச்சட்டம் அவருக்கு இல்லை, திரும்பும்போது உண்டு. ஒரே பதிவில் வாங்கிய டிக்கெட்டாக இருந்து, முதல் விமானம் சற்றே பிந்தியதால் துபாயில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டாலும், சென்னை சேர்ந்த நேரமே கணக்கு. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னும் ஏறக்குறைய இதே சட்டத்தை வைத்துக்கொண்டது. அங்கே தொகை 220, 350, 520 பவுன். 2025 ஜூனில் ஒன்றியத்துப் போக்குவரத்து அமைச்சர்கள் மூன்று மணி என்பதைத் தூரத்திற்கேற்ப நான்காகவும் ஆறாகவும் உயர்த்த வேண்டும் என்று நிலை எடுத்தனர். எனவே புறப்படுமுன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010-ல் விதிகள் வகுத்து, 2016-ல் தொகைகளை உயர்த்தியது. முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால், பயண நேரத்திற்கேற்ப 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதற்குக் குறைவானால் அக்குறைந்த தொகை. இடமில்லை என்று ஏற்ற மறுத்தால் 20,000 ரூபாய் வரையிலும் கிடைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே மூடிக்கிடந்தது போன்ற நேரங்களில் நஷ்டஈடு கேட்க முடியாது. வெறும் தாமதத்திற்கோ, உணவும், நெடுநேரமானால் மாற்று விமானமோ கட்டணத் திருப்பமோ, சில வேளைகளில் ஓட்டலும் உண்டே தவிர, குறித்த தொகை எதுவும் இவ்விதிகளில் இல்லை. டொராண்டோ குடும்பத்தின் பழைய நிலையில்தான் நாம் இன்னும் இருக்கிறோம். சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஆனால் அது மனுவும் வாய்தாவுமாகச் செல்லும் வழி.

தாமதமான பெட்டிக்கு, அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பது மாண்ட்ரியல் விதி. வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு. ஐரோப்பியச் சட்டத்தின்படி நஷ்டஈட்டைப் பணமாகவே தர வேண்டும். பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே வவுச்சராகத் தரலாம். ஆகவே கவுண்டரில் ஒரு தாளை நீட்டினால் முழுவதும் வாசித்த பிறகே பேனாவை எடுங்கள். போர்டிங் பாஸை எறிந்துவிடாதீர்கள். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இறங்கும்போது, கதவு திறந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து அந்த போர்டிங் பாஸின் பின்புறத்திலேயே குறித்து வையுங்கள்.