குதிரையேறி சோங்-கோல் ஏரிக்கு

மலைக்குள் சில நாள் குதிரையிலேயே போக ஆசை, ஆனால் சேணத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் நாடு கிர்கிஸ்தான். கோடை வந்ததும் அங்கே பல குடும்பங்கள் ஆடு, மாடு, குதிரைகளை ஓட்டிக்கொண்டு உயரத்திலுள்ள மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறிவிடும். அந்த நிலத்துக்கு ஜைலோ என்று பெயர். பயணி உண்பதும் உறங்குவதும் அவர்களுடைய வட்டக் கூடாரமான யுர்ட்டில்தான். அதனால் அடுப்பு, அரிசி என்று எதையும் சுமக்க வேண்டாம்.

முதல் பயணத்துக்கு சோங்-கோல் ஏரி சரியாக இருக்கும். 3,016 மீட்டர் உயரத்தில், மரமே இல்லாத புல்வெளி நடுவே கிடக்கிறது. யுர்ட்டுக்குள் கணப்பு மூட்டுவதும் காய்ந்த சாணத்தால்தான். கோடையில் காரிலும் போகலாம், ஆனால் அது நல்ல யோசனை இல்லை. தலைநகர் பிஷ்கெக் ஏறக்குறைய 800 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே நாளில் மேலே போனால் அன்றிரவு தலைவலியும் குமட்டலும் வர வாய்ப்பு அதிகம். கோச்கோர் ஊரில் ஒரு இரவு, கிஸார்ட் கிராமத்தில் குதிரையேறி கிலெம்சே ஜைலோவில் ஒரு இரவு, மறுநாள் கணவாய் தாண்டி ஏரி என்று போனால் உடம்பு மெல்லப் பழகிக்கொள்ளும். குதிரைப் பயணத்தின் மூன்றாம் நாள் வேறொரு கணவாய் வழியாக இறங்கிவிடலாம்.

அந்த ஊர்க் குதிரைகள் குட்டையானவை, மலையில் கால் தவறாதவை. கிளம்ப "சூ" என்றால் போதும், நிறுத்தக் கடிவாளத்தை இழுக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இறக்கத்தில். பயத்தில் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் குதிரையால் தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்த்துக் காலூன்ற முடியாது. கடிவாளத்தைத் தளர விட்டு, உடம்பைச் சற்றே பின்னால் சாய்த்து, குதிகாலைக் கீழே அழுத்தினால் மற்றதைக் குதிரை பார்த்துக்கொள்ளும். முழங்கால் வலித்தால் பெரும்பாலும் அங்கவடியின் வார் குட்டை என்று அர்த்தம். வழிகாட்டியிடம் உடனே சொல்லி நீட்டிக்கொள்ளுங்கள். சங்கடப்பட்டுச் சும்மா இருந்தால் மறுநாள் நடக்க முடியாது.

மழைக்கோட்டைக் குதிரை மேல் உட்கார்ந்தபடி மாட்டாதீர்கள். அது காற்றில் படபடத்தால் சாதுவான குதிரையும் மிரண்டு ஓடும். இறங்கி மாட்டிக்கொண்டு ஏறுவதுதான் முறை. ஜீன்ஸ் வேண்டாம், அதன் தையல் தொடையை உரித்துவிடும். தலைக்கவசம் அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் கையோடு கொண்டுபோவது நல்லது.

போகிற இடமெல்லாம் குமிஸ் தருவார்கள். பெண் குதிரையின் பாலைப் புளிக்க வைத்த பானம். புளித்த மோரில் புகைவாடை ஏறியது போலிருக்கும், லேசான போதையும் உண்டு. குட்டியைப் பக்கத்தில் கட்டி வைத்து, பகலில் பல முறை கறப்பார்கள். மரியாதைக்கு ஒரு வாய் குடித்தால் போதும். பழகாத வயிறு கிண்ணம் முழுவதையும் தாங்காது, அடுத்த நாலு மணி நேரம் சேணத்தில் இருக்க வேண்டியவர் நீங்கள்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் பருவம். ஜூலையிலும் இரவில் பனி விழலாம், எனவே கனமான கம்பளி உடை வேண்டும். குதிரை, வழிகாட்டி, யுர்ட் எல்லாவற்றையும் கோச்கோரில் உள்ள சமூகச் சுற்றுலா அலுவலகத்தில் பேசி ஏற்பாடு செய்யலாம்.

மரமும் ஆறும் வேண்டுமென்றால் கரகோல் நகருக்குக் கிழக்கே, நிலக்கரிச் சுரங்கத்தால் உருவான ஜிர்கலான் கிராமம் நல்லது. ஸ்ப்ரூஸ் காடுகளும் ஏற்ற இறக்கமும் அதிகம். படங்களில் எல்லோரும் பார்க்கும் கோல்-சூ ஏரி சீன எல்லையை ஒட்டி, சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. எல்லைப் பகுதி அனுமதிச் சீட்டு இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. அது கைக்கு வரச் சில நாட்கள் ஆகும் என்பதால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு பயண ஏற்பாட்டாளர் மூலம் விண்ணப்பித்துவிடுங்கள்.