லாந்தனம் குளோரைடு
லாந்தனம் குளோரைடு, அருமண் உலோகமான லாந்தனமும் குளோரினும் சேர்ந்த வெண்ணிற உப்பு. ஒரு லாந்தனம் அணுவுக்கு 3 குளோரின் அணுக்கள். லாந்தனம் ஆக்சைடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துப் படிகமாக்கினால், 7 நீர் மூலக்கூறுகளுடன் இது கிடைக்கும். நீரை நீக்க வெறுமனே சூடாக்கினால் ஆக்சிகுளோரைடாக மாறிவிடும். அதனால் அம்மோனியம் குளோரைடுடன் சேர்த்துச் சூடாக்குகிறார்கள்.

நீரில் எளிதில் கரையும் இந்த உப்பு, அங்குள்ள பாஸ்பேட்டைக் கரையாத லாந்தனம் பாஸ்பேட்டாகப் படியவைக்கும். பாஸ்பேட் குறைந்தால் பாசியும் குறையும் என்பதால், நீச்சல் குளங்களைத் தெளிவாக வைத்திருக்க இது உதவுகிறது. சிறிது சீரியம் கலந்து வளர்த்த இதன் படிகம் காமா கதிர் பட்டதும் ஒளிரும். அந்த ஒளியைக் கொண்டு கதிர்வீச்சை அளக்கிறார்கள். நீரற்ற உப்பை உருக்கி மின்னாற்பகுத்தால் லாந்தனம் உலோகம் கிடைக்கும்.

லாந்தனம் அடங்கிய மோனசைட் கனிமம், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் உள்ளது.