ஊர்வரவும் நகருலாவும்

பொருள் தேடிப் பிரிந்து செல்வது தமிழர்க்குப் புதியதன்று. நம் அகத்திணை மரபு பிரிதலைப் பாலைக்கும், பிரிந்தவர் வரும்வரை ஆற்றியிருத்தலை முல்லைக்கும் உரியதாக வைத்தது. பிரிவையும் காத்திருத்தலையும் நம் புலவர்கள் விரிவாகப் பாடினர். ஆயின் மீண்டு வந்தவர் தம் ஊரில் தங்கும் நாள்களை எவ்வாறு கழிக்க வேண்டும் என்பது, அயல்நாடுகளில் பல்லாயிரவர் வாழும் இக்காலத்துக்கே உரிய வினாவாகும். அவ்வினாவையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

கப்பல் காலமும் வானூர்தி காலமும்

நம் கடற்கரையூர்களில் அயல்நாடு சென்று பொருளீட்டுவோரைச் ‘சபராளி’ என அழைப்பர். சபர் என்பது பயணம். அன்றைய சபராளிகள் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். ‘ராஜுலா’ என்னும் கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவ்வழியில் ஓடியது. அதன் இடத்துக்கு வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985ஆம் ஆண்டில் தீ விபத்துக்கு உள்ளானது. அத்துடன் அக்கப்பற் போக்குவரவு முடிவுற்றது.

கப்பல் காலத்தில் பயணமே பல நாள் நீடித்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தவர் மாதக்கணக்கில் ஊரிலே தங்கினார். இன்று சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சென்னை வந்துவிடலாம். வரவுகள் பெருகின, தங்கும் நாள்கள் சுருங்கின. கைப்பேசித் திரையில் நாள்தோறும் முகம் பார்க்கிறோம். ஆதலால் செய்தி சொல்வதற்காக எவரும் ஊருக்கு வரவேண்டியதில்லை. உடனிருந்து உண்பதற்கும், முதியவர் கையைப் பற்றிக்கொண்டு அமர்வதற்கும், துக்கம் நிகழ்ந்த வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் பேசாது இருப்பதற்குமே வரவேண்டியிருக்கிறது.

விடுப்பின் கணக்கு

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், ஓராண்டுப் பணிக்கு 30 நாள் ஊதிய விடுப்பு வழங்குகிறது. சவூதி அரேபியாவில் 21 நாள்; ஐந்தாண்டுப் பணிக்குப் பின் 30 நாள். சிங்கப்பூர்ச் சட்டம் வகுக்கும் குறைந்த அளவோ முதலாண்டில் 7 நாளே. அது ஆண்டுக்கு ஒரு நாளாக உயர்ந்து 14இல் நிற்கும்.

பத்து நாள் விடுப்பில் வரும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். வந்த களைப்பில் ஒரு நாள் கழியும். தியாகராய நகர்க் கடைகளுக்கு இரண்டு நாள். வங்கிக்கும் அலுவலகங்களுக்கும் ஒரு நாள். உறவினர் திருமணத்துக்கு இரண்டு நாள். பிள்ளைகளுடன் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு ஒரு நாள். மாமல்லபுரத்துக்கு ஒரு நாள். பெட்டி கட்ட ஒரு நாள். எஞ்சுவது ஒரே நாள். ஆண்டு முழுதும் காத்திருந்த தாய்க்கு உரியது அந்த ஒரு நாளே! அடுத்த வரவின்போது அத்தாய் இருப்பார் என்பதற்கு உறுதி கூறுவார் யார்?

அயலூரில் ஓய்வு நாள்

இவ்விடத்து நகருலாவைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அயல்நாட்டு ஓய்வு நாளை நோக்கினால் உலாவின் உண்மைப் பயன் விளங்கும். சிங்கப்பூரில் ஞாயிறு மாலையில் தேக்கா வட்டாரத்துக்கும் சிராங்கூன் சாலைக்கும் தமிழ்த் தொழிலாளர் திரள்கின்றனர். துபாயில் ஒரு திர்காம் கொடுத்து ‘அப்ரா’ப் படகேறி, தேராவுக்கும் பர் துபாய்க்கும் இடையே கழியைக் கடக்கின்றனர். அவர்கள் வாங்குவது சிறிதே. தம் ஊராரைக் காண்பதும், தம் மொழியில் வாய்விட்டுப் பேசுவதும், ஒரு குவளைத் தேநீரை நெடுநேரம் அருந்துவதுமே அவர்கள் பெறும் இன்பம். வார நாள்களில் உழைப்பாளியாக மட்டும் அறியப்பட்டவர், அம்மாலையில் இன்னாரின் மகன், இன்ன ஊரினர் என மீண்டும் அறியப்படுகிறார். நகர் அங்கே ஓர் இடம் மட்டுமே. இன்பம் தருவது உடனிருப்போரே.

திருமுக்கூடல் காட்டும் வழி

இவ்வுண்மையைப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர் என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்துத் திருமுக்கூடல் சான்றாகிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் இடம் இது. இங்குள்ள திருமால் கோயிலில் வீரராசேந்திர சோழன் (கி.பி. 1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. கல்விச்சாலையையும், மாணவர் விடுதியையும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் அது குறிக்கிறது. மாணவர்க்கு உணவும் பாயும் இரவு விளக்கும் அளித்ததோடு, சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்க்க எண்ணெயும் வழங்க ஏற்பாடு செய்திருந்தனர். வீட்டை விட்டு வந்து தங்கியவனுக்கு வாரம் ஒருநாள் வீட்டு இதம் வேண்டும் என்று எண்ணியோர் அவர்கள்! இன்றைய தொழிலாளர் விடுதிகளை நடத்துவோரும் எண்ணத்தக்க செய்தி இது.

மற்றொரு செய்தி அவ்வூர் விழா. பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதராசப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பாலாற்றின் வடகரையிலுள்ள பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுவார். அங்கிருந்து அவ்வூர் நரசிம்மருடன் ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் வருவார். சாலவாக்கம், காவாந்தண்டலம் ஊர்களின் பெருமாள்களும் அங்கே வந்து கூடுவர். சுற்றுப்புற மக்கள் குடும்பத்தோடு ஆற்றுமணலில் திரள்வர். வெளியூரில் பிழைப்போரும் அந்நாளை எண்ணி ஊர் திரும்புவர். அடுத்து வருவது காணும் பொங்கல். மூத்தோரைக் கண்டு வாழ்த்துப் பெறுதலும், உற்றாருடன் வெளியே உலாவச் செல்லுதலும் அந்நாளின் வழக்கம். ஊர்வரவும் உலாவும் இங்கே ஒன்றோடொன்று போட்டியிடவில்லை. காண வேண்டியவரையும் உடன் அழைத்துக்கொண்டே உலாவச் செல்கின்றனர்.

நாம் செய்யத்தக்கவை

விடுப்பின் முதல் மூன்று நாள்களை வீட்டுக்கே ஒதுக்குதல் நன்று. அதன்பின் உறவினரையும், நாம் இல்லாத காலத்தில் நம் பெற்றோர்க்குத் துணைநின்ற அண்டை வீட்டாரையும் கண்டு வருதல் வேண்டும். நகருலாச் செல்லும்போது முதியோரையும் உடன் அழைத்துச் செல்லலாம். வயலும் வீடுமாகவே வாழ்நாளைக் கழித்த பாட்டி, பேரப்பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு மாமல்லபுரக் கடலில் கால் நனைக்கும் மகிழ்ச்சிக்கு எந்தக் கடைப்பொருளும் ஈடாகாது. அயல்நாட்டில் பிறந்த பிள்ளைகட்கும் அதுவே ஊரை அறியும் வழியாகும்.

இல்லத்தார்க்கும் ஒரு கடமையுண்டு. வருபவர் கொண்டுவரும் பெட்டியை முதலில் நோக்காது அவர் முகத்தை நோக்குவோமாக. அங்கே பட்ட துன்பத்தை அவர் தாமாகச் சொல்லும்வரை காத்திருப்போமாக. பொதுப்பணிக்கு நன்கொடை கேட்க விழையும் ஊர்ப் பெரியோரும் அந்த முதல் மூன்று நாள் பொறுத்தருள வேண்டுகிறோம்!

பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே காணப்படும். 2021 நவம்பரில் கண்டதுபோல் வெள்ளம் வரும் நாள்கள் சிலவே. அச்சில நாள் நீரைத் தேக்கி வைத்தால்தான் கோடையில் கிணறுகள் ஊறும். பெருநாளுக்கோ பொங்கலுக்கோ வந்து செல்லும் பிள்ளையின் வரவும் அத்தகையதே. அந்நாள்களைக் கடைத்தெருவில் வழிந்தோட விடாது, அன்பாகத் தேக்கி வைப்போம். எஞ்சிய மாதங்களின் தனிமைக்கு அதுவே இருபுறத்தாருக்கும் ஊற்றாகும்.